சாமிக்கு வெச்ச சாமான்

ஏனுங்க, அந்தப் பெட்டியை மேல வெக்காதீங்க. பிரேக் போட்டான்னா நேரா தலையில வந்து விழுந்துரும். இங்க கீழ வெச்சுக்கங்க, நான் காலை நகத்திக்கறேன். டிரில்லிங் மெஷினுங்களா? அட்டைப்பெட்டி மேல படத்தைப் பார்த்தாலே தெரியுது. ஊட்டு உபயோகத்துக்கா? நல்லதுங்க. எங்க வெக்கப் போறீங்க? கார் ஷெட்டுலயா... சரி, சரி.

இல்லீங்க, ஒண்ணுமில்லை. சும்மாதான் கேட்டேன். நான் நம்பியூர்ல எறங்கிக்குவேனுங்க. கொழுந்தியா ஊடு. நீங்க கோபி வரைக்குமா? அப்ப நான் எறங்கினதுக்கப்புறம் நல்லா காலை நீட்டி உக்காந்துக்கலாம்.

கார் ஷெட்டுன்னீங்க பாருங்க, அதான் ஒரு மாதிரி ஆயிருச்சு. நானும் இந்தக் கூத்தெல்லாம் கட்டி முடிச்சவன்தானுங்க. உங்க வயசுதான் எனக்கும் இருக்கும். உங்களுக்கு இன்னும் சர்வீஸ் இருக்குதா? எனக்குச் சித்திரையோட முடிஞ்சுது. பம்புசெட்டு கம்பெனியில ஸ்டோர்ஸுங்க நான். சேர்ந்தது ஸ்டோர்ஸ், மாலை போட்டு அனுப்பினதும் ஸ்டோர்ஸ்ல இருந்துதான். ஒருத்தனுக்கு ஒரு ஸ்பேனர் வேணும்னா எங்கிட்டத்தான் வந்து நிக்கணும். கரண்டு போயிருந்தாலும் கை நீட்டி எடுத்துக் குடுப்பேன். எது எந்த அலமாரியில எத்தனாவது தட்டுல இருக்குதுன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். அதைக் கொண்டுபோய் அவங்க என்ன பண்றாங்கன்னு மட்டும் நான் பார்த்ததில்லை. அது என் வேலையில்லீங்களே.

எங்க ஊடு கோயமுத்தூர் கணபதியில. கார் ஷெட்டு இருக்குது, கார் கெடையாது. பிளான்ல இருந்துதுன்னு கட்டிட்டோம். அங்கதான் வசந்தாமணி தையல் மெஷினைப் போட்டிருந்தா. வசந்தாமணிங்கறது எங்கூட்டுக்காரி. ஜாக்கெட் தெப்பாளுங்க. ஒரு பெஞ்சு, ஒரு ஆளுயரக் கண்ணாடி, துணி தொங்கப் போட ஒரு கொடிக்கயிறு. பொழுதன்னைக்கும் பொம்பளைங்க வந்து உக்காந்துட்டு ஒரே கசகசன்னு பேச்சு. வெட்டின துணி ஒரு பக்கம், நூல்கண்டு ஒரு பக்கம், கொக்கி டப்பா ஒரு பக்கம். ஒரு ஒழுங்கு கெடையாது. வேலைக்குப் போயிட்டிருந்த வரைக்கும் எனக்கு அது தெரியலை. ஊட்ல உக்காந்ததும் பொறுக்கவே முடியலைங்க.

ஆனா ஆரம்பிச்சு வெச்சது அவதான், அதையும் சொல்லணுமில்ல. "ஏனுங்க, பாத்ரூம் தாப்பா ஆடுது. ஒரொரு நாளைக்கு இழுத்தா வரவே மாட்டேங்குது. சும்மாதானே இருக்கறீங்க, என்னன்னு பாருங்களேன்"னா. தாப்பா ஆடுதுன்னு சொன்னது எனக்கு நிக்கலை. சும்மாதானே இருக்கறீங்கன்னா பாருங்க, அது குத்திருச்சு. சரி, பாக்கலாம்னு எந்திரிச்சா ஸ்க்ரூ திருக ஊட்ல உருப்படியா ஒரு திருப்புளி இல்லை. காலம் பூரா ஊருக்கே சாமான் எடுத்துக் குடுத்தவன் ஊட்ல ஒரு திருப்புளி இல்லைன்னா அசிங்கமா இருக்குமா இருக்காதா? அன்னைக்குத்தான் முடிவு பண்ணேன். ஊட்டோட ஒரு பட்டறை போட்டுடறது. போட்டுட்டு, மொதல் வேலையா அந்தத் தாப்பாளைப் பாத்துடறது.

போட்டேனுங்க. நானே சொல்லிக்கக் கூடாது, ஆனா நீங்க வந்து பார்த்திருந்தீங்கன்னா அசந்திருப்பீங்க. நீங்களும் செய்யறதா இருந்தா ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கங்க. அலமாரி வாங்காதீங்க. சுவத்துல ஒரு பிளைவுட் பலகை அடிங்க. வெள்ளைப் பெயிண்ட் அடிச்சுக் காயவிட்டு, ஒவ்வொரு சாமானையும் அது மேல வெச்சு, சுத்திக் கறுப்புல கோடு போட்டுடுங்க. சுத்தியலுக்குச் சுத்தியல் மாதிரி கோடு, பிளேயருக்குப் பிளேயர் மாதிரி கோடு. எதை எடுத்தாலும் அதோட எடம் காலியாத் தெரியும். திருப்புளியெல்லாம் நீளத்துக்குத் தக்கன வரிசையா மாட்டுங்க. ஸ்க்ரூ, ஆணி, வாஷரெல்லாம் ஊறுகாய் பாட்டில்ல போட்டு, மூடியை மட்டும் தட்டுக்கு அடியில திருகி வெச்சுட்டா பாட்டில் அந்தரத்துல தொங்கும். எட்டித் திருகினா கையில வந்துரும். மேசை உங்க இடுப்பு உயரம் இருக்கணும். டியூப்லைட் தலைக்குப் பின்னால வரக்கூடாது, உங்க நெழலே வேலையை மறைச்சுக்கும்.

என்னுங்க? தையல் மெஷினா? மெஷினை உள்ள பெட்ரூமுக்கு மாத்திட்டேன். கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவுல அளவெடுத்த மாதிரி நின்னுச்சு. அந்தப் பக்கம் ஜன்னல் இல்லைதான். அதுக்கென்ன, பகல்லயும் லைட் போட்டுக்கலாமில்ல? கண்ணாடியைத்தான் எங்கயும் வெக்க முடியலை, மொட்டை மாடி ரூமுல சாத்தி வெச்சேன். அளவு குடுக்க வர்ற பொம்பளைங்க பெட்ரூமுக்குள்ள வர்றதுக்குக் கொஞ்சம் கூச்சப்பட்டாங்க. நானும் அங்கயே கட்டில்ல படுத்திருப்பேனுங்களா, அதனால இருக்கும். கொஞ்சங்கொஞ்சமா வரத்து நின்னு போச்சு. "இப்பத்தான் ஊடு ஊடாட்டம் அமைதியா இருக்குது பாரு"ன்னு கூட அவகிட்டச் சொன்னேன்.

அவளை விட்டுட்டேன்னு நெனைக்காதீங்க. அவ கத்திரிக்கோலுக்கும் போர்டுல ஒரு எடம் போட்டேன். நல்ல எடம், சுத்தியலுக்குப் பக்கத்துல. ஒரே ஒரு கண்டிஷன்தான். எடுத்தா சொல்லிட்டு எடு, முடிஞ்சதும் கோட்டுக்குள்ள மாட்டு. ஒரு நாளு கோணலா மாட்டியிருந்தா. கூப்பிட்டுக் காட்டினேன். கோட்டையும் பார்த்தா, என்னையும் பார்த்தா, நேராக்கி வெச்சுட்டுப் போயிட்டா. அவ ஒண்ணும் சொல்ல மாட்டாளுங்க. அதுதான் எனக்குச் சௌகரியமாவும் இருந்துது, கடைசியில வினையாவும் போச்சு. பின்னால ஒரு நாளு போர்வை மாத்தறப்போ பார்த்தா, தலகாணிக்கு அடியில புதுசா ஒரு கத்திரிக்கோல் கெடக்குது.

தாப்பாளா? அதைத்தான் கேப்பீங்கன்னு தெரியும். செய்யலைங்க. அவளும் ரெண்டு மூணு தடவை ஞாபகப்படுத்தினா. "போர்டு முடியட்டும், அதான் மொத வேலை"ன்னேன். போர்டு முடிஞ்சா பாட்டில், பாட்டில் முடிஞ்சா லைட்டு. அவளே தேங்காயெண்ணெய் விட்டுப் பார்த்தா போலிருக்குது. சாமானெல்லாம் புதுசா, பளபளன்னு தொங்கறப்போ ஒரு துருப்புடிச்ச தாப்பாளுக்காக எடுக்க எனக்கு மனசு வரலை. இப்பச் சொல்றப்போ வெக்கமா இருக்குது. அப்ப அப்படித் தோணலீங்களே.

அப்புறம் ஆயுத பூஜை வந்துது.

பட்டறைக்கு மொத ஆயுத பூஜை. கம்பெனி ஆளுங்களையெல்லாம் சாயங்காலம் வரச் சொல்லியிருந்தேன். காலையில இருந்தே ஆரம்பிச்சாச்சு. போர்டுல இருந்து எல்லாத்தையும் எறக்கி, துடைச்சு, எண்ணெய் தொட்டு வெச்சு, மேசை மேல வெள்ளை வேட்டியை விரிச்சு வரிசை போட்டேன். சின்னதுல இருந்து பெருசு. ஒவ்வொண்ணுக்கும் சந்தனம், அது மேல குங்குமம். ரெண்டு பக்கமும் வாழைக்கன்னு. தண்ணி மோட்டாருக்குப் பொட்டு வெச்சேன், மிக்ஸிக்கு வெச்சேன், என் மொபெட்டுக்கு வெச்சேன், சுவத்துல சாத்தியிருந்த ஏணிக்கும் வெச்சேன். அவ அடுப்படியில சுண்டல், பொங்கல்னு நின்னுட்டிருந்தா. "ஒரு சொம்பு தண்ணி ஊத்திக்கிட்டு ஓடியாந்துடறேன், அப்புறம் சூடம் காட்டலாங்க"ன்னு சொல்லிட்டுக் குளிக்கப் போனா.

நான் காலண்டரைப் பார்த்தேன். நல்ல நேரம் முடியப் போகுது. அவ வர்ற வரைக்கும் நிக்கலை. நானே சூடத்தைப் பத்த வெச்சுக் காட்டிட்டேன். கண்ணை மூடிக்கிட்டு மணியை ஆட்டினேன், நல்லா பலமா ஆட்டினேன். அந்த மணிச் சத்தத்துலதானுங்க அவ கூப்பிட்டது எனக்குக் கேக்கலை. எதுத்த ஊட்டு வெள்ளிங்கிரிக்குக் கேட்டிருக்குது. எனக்குக் கேக்கலை.

வெள்ளிங்கிரி ஆட்டோ ஓட்டறவரு. அவரும் அவரு சம்சாரமும் வாசல்ல வந்து நின்னு, "சென்னியப்பண்ணா, அக்கா கதவைத் தட்டிட்டே இருக்கறாங்க, என்னன்னு பாருங்க"ன்னாங்க. ஓடிப்போய்ப் பார்த்தா, தாப்பா மாட்டிக்கிச்சு. உள்ள இழுக்கறா, வரலை. வெளிய இழுக்கறேன், வரலை. வெளிப்பக்கம் தெறக்கற கதவு, ஒதைச்சும் பிரயோசனமில்லை. உள்ள வெந்நிப் புகை, ஜன்னல்னு பார்த்தா ஒரு கைப்புடி அளவு. அவளுக்கு மூச்சு முட்டற வியாதி லேசா உண்டு. "ஏனுங்க, தெறங்க, ஏனுங்க, தெறங்க"ன்னு அதையே சொல்லிட்டிருக்கறா.

வெள்ளிங்கிரி பார்த்த ஒடனே சொல்லிட்டாரு. "கீல் வெளிப்பக்கந்தானே இருக்குது. ஸ்க்ரூவைக் கழட்டினா கதவு கையோட வந்துரும். ஒரு திருப்புளி குடுங்கண்ணா."

அப்ப நான் சொன்னேன் பாருங்க. எப்படி வாயில வந்துதுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியலை. "சாமிக்கு வெச்சாச்சு வெள்ளிங்கிரி. நாளைக்குக் காலையிலதான் எடுக்கணும்"னேன்.

அவரு என்னைப் பார்த்தாரு. "ஏண்ணா, என் வண்டியும்தான் மாலை போட்டு நிக்குது. ஆஸ்பத்திரிக்குன்னா எடுக்க மாட்டனா? ஒரு கும்புடு போட்டு எடுங்க. ஆளு உள்ள கெடக்குது"ன்னாரு. நியாயந்தானுங்க. எனக்கும் தெரியுது. ஆனா காலு நகரலை. பயம், சாமிக் குத்தம் ஆயிரும்னு பயம்னு அவருகிட்டச் சொன்னேன். உங்ககிட்ட எதுக்குப் பொய் சொல்லணும், எறங்கினா யாரோ நீங்க, யாரோ நான். சாமியுமில்லை பூதமுமில்லை. வரிசை கலைஞ்சுரும்னுதானுங்க. காலையில இருந்து அடுக்கின வரிசை, சாயங்காலம் ஆளுங்க வர்றாங்க, நடுவுல ஒண்ணை உருவினா சந்தனம் அழிஞ்சு, பல்லு போன வாயாட்டம் இருக்குமேன்னுதான். உள்ள கட்டினவ மூச்சுக்குத் தவிக்கறா, எனக்கு இந்த ரோசனை. த்தூன்னு துப்பிடலாம் போல இருக்குதில்லீங்க? துப்புங்க. நானே கண்ணாடியில பார்த்துத் துப்பிக்கிட்டவன்தான்.

அதுக்குள்ள நாலஞ்சு ஊட்டு ஆளுங்க கூடிட்டாங்க. ஒருத்தரு கல்லை எடுத்து உடைங்கங்கறாரு, ஒருத்தரு இரும்புக்கடையில போய்க் கேக்கலாம்ங்கறாரு, அன்னைக்குப் பார்த்து எந்தக் கடை தெறந்திருக்கும்? ஒரு நிமிஷம் அவ சத்தமே இல்லை. அப்புறம் உள்ள இருந்து பேசினா. கத்தலைங்க. சாவகாசமா, கறிக்கு உப்புப் பத்தலைன்னு சொல்ற மாதிரி சொன்னா.

"ஏனுங்க, உங்க சாமானமெல்லாம் சாமிகிட்டயே இருக்கட்டும். பெட்ரூமுல என் மெஷின் டிராயர்ல ஒரு திருப்புளி கெடக்குது. அதுக்கு நீங்க பொட்டு வெக்கலை. அதை எடுத்துட்டு வாங்க."

ஏணிக்கு வெச்சவனுங்க நான்.

வெள்ளிங்கிரி சம்சாரம் முந்தானையை எடுத்து வாயில வெச்சுக்கிச்சு. சிரிப்பை அடக்கவா அழுகையை அடக்கவான்னு நான் பாக்கலை, பாக்கத் தெம்பில்லை. உள்ள போனேன். மெஷின் மேல என்னோட வேட்டி, துண்டு, துவைச்ச துணியெல்லாம் குமிச்சுக் கெடக்குது. நான்தான் போட்டது. எல்லாத்தையும் கட்டில்ல தள்ளினா, மெஷின் மொட்டையா நிக்குது. அப்பக் கூட பாருங்க, கையில ஒட்டியிருந்த குங்குமத்தோட வெரலு தானா அதுகிட்டப் போச்சு. ஒரு பொட்டு வெச்சிருவோம்னு. வெச்சுட்டா இதையும் எடுக்கக் கூடாதேன்னு பாதியில நிறுத்திட்டேன். நெனைச்சா சிரிப்பு வரணும். வரலைங்க.

டிராயரைத் தெறந்தா அவளும் எல்லாம் அதது எடத்துலதான் வெச்சிருக்கறா. ஊசி தனி, பாபின் தனி, எண்ணெய்க்குப்பி ஒரு மூலையில. திருப்புளி கைக்கு ஒடனே கெடைச்சுது. கீலுகிட்டக் கொண்டுபோனா ஸ்க்ரூ மேல நிக்கவே மாட்டேங்குது. எந்தப் பக்கம் திருகணும்னு எனக்கு மறந்து போச்சு. வெள்ளிங்கிரிதான் என் கையில இருந்து வாங்கிக் கழட்டினாரு.

வெளிய வந்தா. புடவையைச் சுத்திக்கிட்டு, மொகமெல்லாம் வேர்த்து. "வாங்க சாமி, எல்லாரும் சுண்டல் சாப்பிட்டுப் போங்க"ன்னு வந்தவங்களைக் கூப்பிட்டா. எல்லாருக்கும் எலையில வெச்சுக் குடுத்தா. என்னைப் பார்த்து ஒரு வார்த்தை கோவமாப் பேசியிருந்தா அன்னைக்கே தீந்திருக்கும். பேசலை. உள்ள போயி மெஷினைத் தொடைச்சு, தானே சந்தனம் கொழைச்சு, தானே பொட்டு வெச்சுக்கிட்டா.

சாயங்காலம் கம்பெனி ஆளுங்க வந்தாங்க. போர்டைப் பார்த்துட்டு ஆகா ஓகோன்னாங்க. "அண்ணி எங்க?"ன்னு கேட்டாங்க. தலைவலின்னேன். அவங்க போறப்போ வாசல்ல வெள்ளிங்கிரியோட கொஞ்ச நேரம் பேசிட்டு நின்னாங்க. அப்புறம் யாரும் எனக்குப் போன் பண்ணலை.

தெருவுல தலை காட்ட முடியலைங்க. பால் வாங்கப் போனா, "என்னுங்கண்ணா, சாமிக்கு வெச்சாச்சுங்களா?"ங்கறான். டீக்கடையில டம்ளரைக் கேட்டா, "இருங்க, சாமிக்கு வெச்சிருக்குது"ங்கறான். இப்பெல்லாம் பொறவாசல் வழியாப் போயிட்டுப் பொறவாசல் வழியா வர்றேன். அந்த வெக்கக்கேட்டைத்தான் தாங்க முடியலை.

அவளா? மறுநாள் விஜயதசமி. எடுத்து ஓட்டணுமில்லீங்களா? மெஷின்ல உக்காந்து ஒரு பழைய துணியில ஒரே ஒரு வரி ஓட்டினா. அப்புறம் கொழுந்தியா நாகமணி ஊட்டுக்காரரு டெம்போவோட வந்து எறங்கினாரு. எப்பச் சொல்லி அனுப்பினாளோ தெரியாது. மெஷினைத் தூக்கி ஏத்தினாங்க, மாடியில இருந்து கண்ணாடியை எறக்கினாங்க. கடைசியா பட்டறைக்குள்ள வந்தா. "கத்திரிக்கோலை எடுத்துக்கறேனுங்க"ன்னா. நான் வாயைத் தெறக்கறதுக்குள்ள, "சொல்லிட்டுத்தான் எடுக்கறேன்"னா. அவ்வளவுதான். சண்டை கெடையாது, அழுகை கெடையாது.

நானும் ரெண்டு நாள்ல வந்துடுவான்னு இருந்தேன். ஐப்பசி பொறந்துருச்சு. தாப்பாளை மாத்திட்டேனுங்க. நானேதான் மாத்தினேன். பித்தளைத் தாப்பா, நல்ல கனம். சரியா விழுகுதான்னு பாக்கறதுக்கு உள்ள போயித் தாப்பாப் போட்டேன். போட்டதுக்கப்புறந்தான் உறைச்சுது. இது மாட்டிக்கிச்சுன்னா நான் யாரைக் கூப்பிடறது? ஊட்ல ஒரு ஆளில்லை. எடுத்துப் பார்த்தா தாராளமா வருது. வந்தும் கொஞ்ச நேரம் அங்கயே நின்னுட்டிருந்தேன். ஏனுங்க, ஏனுங்கன்னு அவ கூப்பிட்டது அந்தச் சுவத்துக்குள்ளயே இருக்கற மாதிரி இருந்துது.

அதான், போயிக் கூட்டிட்டு வந்துடறதுன்னு கெளம்பிட்டேன். சும்மா போகலை. பட்டறையில ஒரு மூலை ஒதுக்கிட்டேன் அவ மெஷினுக்கு. நல்லா வெளிச்சம் விழற மூலை. தரையில கோடு கூடப் போட்டாச்சு, மெஷின் அளவுக்கு. என்னுங்க சொன்னீங்க? அவங்க எடந்தானே அதுன்னா... ஆமா, மொதல்ல அவ இருந்த எடந்தான். அதனால என்ன? இப்ப ஒழுங்கா இருக்குமில்ல.

காலையில போன் பண்ணினேன். பின்னால மெஷின் ஓடற சத்தம், நாலஞ்சு பொம்பளைங்க பேச்சு. அங்க ஏதோ தெச்சுட்டு இருக்கறா போலிருக்குது. "வர்றேன்"னேன். "வாங்க"ன்னா. கோவமில்லீங்க, நல்லாத்தான் பேசினா. "மத்தியானத்துக்குள்ள வந்துருங்க, சோறு ஆக்கி வெக்கறேன், சாப்பிட்டுட்டுப் போங்க"ன்னா. கோவம் இருந்தா சோறு ஆக்குவாளா? சொல்லுங்க. சாப்பிட்டுட்டுப் போங்கன்னு வாயாரச் சொன்னா.

சாப்பிட்டுட்டுப் போங்க.

எங்கூட்டுக்கு ஒறம்பரை வந்தா, எந்திரிக்கப் பாக்கற விருந்தாளிகிட்ட, வாசப்படியில நின்னு இப்படித்தானுங்க சொல்லுவா. இருங்க, சாப்பிட்டுட்டுப் போங்கன்னு. எங்கிட்ட சாப்பிட வாங்கம்பா. சோறு ஆறுதும்பா. இத்தனை வருசத்துல எங்கிட்டப் போங்கன்னு சொன்னதில்லை. அப்பக் காதுல விழுந்துது, மண்டையில ஏறலை. இப்ப உங்ககிட்டச் சொல்றப்போதான்...

இல்லீங்க, தண்ணி வேண்டாம். நல்லாத்தான் இருக்கறேன். நம்பியூர் வந்துருச்சாட்ட இருக்குது. கொஞ்சம் அந்தப் பெட்டியை நகத்துங்க, எறங்கிக்கறேன்.

கண்டக்டரு, ஒரு நிமிஷம் சாமி. இங்கிருந்து திரும்பிக் கோயமுத்தூருக்குச் சாயங்காலம் எப்ப பஸ்ஸு? ஒரு டிக்கெட்டுதான். ஒருத்தன்தான்.